மழைக்கு இரண்டு மார்க்

ஏழாம் வகுப்பில் அந்த இரண்டு மார்க் எனக்கு வந்திருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

டீச்சர் அந்த வாரம் ஆங்கில இலக்கணத்தை முதலிலிருந்து திருப்பிப் பார்க்க வைத்தார். பெயர்ச்சொல், வினைச்சொல், முக்காலம் எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தோம். கடைசியில் உவமை. சிங்கம் போல் வீரம், உறைபனி போல் வெண்மை. உறைபனியை எங்களில் ஒருவரும் கண்டதில்லை, டீச்சர் உட்பட. அப்புறம் டெஸ்ட். ஐம்பதுக்கு நாற்பது வாங்கினால் அருப்புக்கோட்டையில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் போகலாம். கடைசிக் கேள்வி, மழைக்குச் சொந்தமாக ஓர் உவமை எழுது.

சொந்தமாக என்றால் சொந்தமாகத்தானே? நான் ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இவ்வளவுதான்: 'எங்கள் ஊர் மழை மதுரை மாமாவைப் போன்றது. வருகிறேன் என்று சொல்லும். அம்மா கூடுதலாகச் சோறு வடிப்பாள். வராது.'

ஒரு பிழை கிடையாது. குறுக்கே சிவப்புக் கோடு. முப்பத்தெட்டு.

"முத்துப் போல மழைன்னு நோட்ஸ்ல குடுத்தேன்ல? மாமா எங்குட்டிருந்து வந்தாரு?" என்றார் டீச்சர்.

"ஏலே, குடைய எடு, இவ மாமா வாராரு" என்றான் பின்பெஞ்சுக்காரன் ஒருவன். வகுப்பே சிரித்தது.

விடைத்தாளில் வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது கையெழுத்தில்லை, நியாயம். அந்த ஞாயிறு அதிசயமாக மாமா சொன்னபடி வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், மதுரையில் ஆபீஸில் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதுகிறவர். மாதத்தில் மூன்று ஞாயிறு, காரியாபட்டி தாண்டிவிட்டேன் என்று போன் வரும். கோழி கொதிக்கும். மூன்று மணிக்கு இன்னொரு போன் வரும், ஒரு வேலை வந்துவிட்டது என்று. "அவுகளுக்கு என்ன சோலியோ" என்று அம்மா சட்டியை மூடிவைப்பாள்.

தாளை நீட்டினேன். "இது சரின்னு டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க மாமா."

இரண்டு தடவை படித்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அம்மாகிட்ட இத வாசிச்சுக் காட்டுனியா?"

"அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாதே."

"காட்டாத தாயி."

அப்பா போட வேண்டிய இடத்தில் தானே கையெழுத்துப் போட்டு, தாளை நான்காக மடித்துத் தந்தார். லெட்டர் இல்லை. அவ்வளவு கேவலமாகவா எழுதிவிட்டேன்? இங்கிலீசு தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு கட்சி என்று முடிவுகட்டினேன்.

போட்டிக்கு வேறொருத்தி போனாள். அடுத்த ஞாயிறு மாமா போன் செய்யாமலே வந்து நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். "அண்ணே, சொல்லாமக் கொள்ளாம வாரீகளே, ரசந்தான் இருக்கு" என்று அம்மா சிரித்துக்கொண்டே அப்பளத்துக்கு எண்ணெய் காயவைத்தாள். என் மார்க்குக்காக ஒரு வரி எழுதித் தராத மனுஷனுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து தின்றேன்.