உட்காராதே என்றார் டாக்டர்

பாகூரில் ஓர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பதிவு செய்வது என் வேலை. போன வருடம் இடுப்பில் வலி வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. நாற்று நட்டும் களை பறித்தும் சேற்றிலேயே நின்ற கால்கள். ஒரு சனிக்கிழமை இருவரும் ஒரே டாக்டரிடம் போனோம்.

அவர் அம்மாவிடம், "இனிமே ரொம்ப நேரம் நிக்காதீங்க, உக்காந்தே வேலை பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க உக்காந்தே இருக்காதீங்க. அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து நடங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டாள்.

"சீட்ட மாத்திக் குடுத்துட்டாரா அந்த டாக்டரு? நீ உக்காந்து வேல செய்யணும்னுதானடி நான் வெயில்ல நின்னேன்?"



திங்கட்கிழமை செல்போனில் அலாரம் வைத்தேன். அடித்ததும் எழுந்து நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த செலியமேட்டு விவசாயியும் பதறி எழுந்தார்.

"இன்னாமா, மூடிட்டீங்களா?"

"இல்லீங்க, சும்மா நிக்கிறேன். நீங்க உக்காருங்க."

"நீங்க நிக்கறப்ப நான் எப்டிமா உக்கார்றது?"

பின்னால் பெஞ்சிலிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். ஒரு வயதான பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்ததும் சட்டென்று உட்கார்ந்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடுத்த முறை அலாரம் அடித்தபோது அணைத்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டேன். பதிவு முடிந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் கடைசி அறைவரை போய் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவார்கள். இனி நானே கொண்டுபோகிறேன் என்றேன். கையில் காகிதம் இருந்ததால் நான் எழுந்தபோது யாரும் எழவில்லை. நாளெல்லாம் நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா சோறு போடும்போது மெல்லக் கேட்டாள்.

"எதுர் வூட்டுக்காரி ஆபீசுக்கு வந்தாளாம். நீ காயிதத்தத் தூக்கிக்கினு அலையிறியாமே. ஒன்ன பியூனா எறக்கிட்டாங்களா?"

"இல்லம்மா, நானாத்தான் நடக்குறேன்."

"உக்கார நாற்காலி இருக்கறப்ப யாருடி தானா நடப்பாங்க?"

விளக்கத் தொடங்கினேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

"அப்ப சரி" என்றாள். முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.