ஆறு சைஸுக்கு ஒரே காகிதம்

டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மாடிக் குடித்தனம். எதிரெதிராக இரண்டே வீடுகள். ஒன்றில் நாங்கள். மற்றதில், வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு மருமகள் என்னைவிட இளையவள், உடம்பில் என்னில் பாதி. வீடியோ பார்த்தே தையல் கற்றுக்கொள்வது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். மெஷின் அவளுடையது. தலையணை உறை வரைக்கும் எந்தச் சேதமும் இல்லாமல் வந்துவிட்டோம்.

அப்போதுதான் துபாயில் இருக்கும் என் நாத்தனார் நீள கவுனுக்கான பேட்டர்ன் ஒன்றை அனுப்பினாள். துணியின்மேல் வைத்து வெட்டுவதற்கான மெல்லிய காகிதம். முன்பக்கம், முதுகுப்பக்கம், கை என்று ஒவ்வொரு பாகமும் ஆறு சைஸில், ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்திருந்தது. கொருக்குப்பேட்டை யார்டில் தண்டவாளங்கள் பிரிகிற மாதிரி, கழுத்தருகே ஒட்டிக்கொண்டு வந்த கோடுகள் இடுப்புக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போயின.

வீட்டு ஓனர் மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஒரே துணியில் இரண்டு பேரும் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு போய் அசத்துவது என்று எம்.சி. ரோட்டில் கத்தரிப்பூ நிறத்தில் துணி எடுத்தோம்.

அளவெடுத்துப் பார்த்தால், அட்டவணைப்படி என் மார்பு நாலாவது சைஸ், இடுப்பு ஆறாவது, அதற்குக் கீழே ஐந்தாவது. மூன்று பேர் சேர்ந்து ஒரு உடம்பில் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

"டேப்ப இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிம்மா" என்றேன்.

"இதுக்கு மேல இறுக்கினா உனக்கு மூச்சு முட்டும்க்கா. ஆறாவது கோடுன்னே வெச்சிக்கலாம்."

அவளுக்கு எல்லாமே இரண்டாவது சைஸ். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு பில் போடும் வேலை. மறுநாள் மதியம் அங்கே போன் வந்தது.

"அக்கா, பேப்பர கட் பண்ட்டேன். ஷோக்கா வந்துகீது."

எனக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், பாயின்மேல் சின்னச் சின்னதாகக் காகிதத் துண்டுகள் அழகாக அடுக்கியிருந்தன.

"சரி, என்னுது எங்க?"

"இதான்க்கா பேட்டர்ன். ரெண்டு பேருக்கும்."

"என் கோடு வெளிய இல்ல இருந்துச்சு? உள்கோட்ல வெட்டினா வெளிக்கோடு இன்னா ஆவும்?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அன்று காத்திவாக்கத்திலிருந்து இறால் வந்திருந்தது. அவளுடைய மாமியார் உரித்த தோலையெல்லாம், வெட்டி மிஞ்சிய கீற்றுகளில், அதாவது என் இடுப்பிலும் தோளிலும், சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்.

"குப்பைன்னு நெனச்சிட்டேன்மா" என்றார் அந்த அம்மா. "கலீஜ் ஆவக் கூடாதேன்னு நல்லா சுருட்டித்தான் போட்டேன்."

கீற்றுகளைப் பொறுக்கியெடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். கீழ்வீட்டுப் பூனை மாடியேறி வந்து, கொடிக்கு நேர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த என் கணவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா இது, பேப்பர் கருவாடா?"

அவளுடைய துணியை முதலில் வெட்டிக்கொண்டு, காய்ந்த கீற்றுகளை அந்தத் துண்டுகளைச் சுற்றி செல்லோ டேப்பால் ஒட்டினோம். முன்பக்கம் ஒருவழியாகக் கூடிவந்தது. முதுகுப்பக்கத்தில், அக்குளிலிருந்து கீழே போகும் கீற்று மட்டும் கிடைக்கவில்லை. பூனையையும் காணோம். குத்துமதிப்பாக நானே ஒரு கோடு போட உட்கார்ந்தபோது, கணவர் கேட்காமலே யோசனை சொன்னார்.

"சின்னதா பூட்ச்சின்னா தூக்கிப் போட வேண்டியதுதான். பெருசா இருந்தா புடிச்சிக்கலாம். தாராளமா வுடு."

தாராளமாகவே விட்டேன். துணியை மடித்துப் போட்டு வெட்டும்போது, நான் கூட்டிய ஒவ்வொரு விரற்கடையும் இரண்டாகும் என்பது மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அறையில் போட்டுப் பார்த்தோம். என் கவுன் ஷாமியானா மாதிரி நின்றது. நான் திரும்பினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன்னுடையதைத் தலைவழியாக மாட்டினாள். தலை உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. மேலே தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

"அக்கா, நா உள்ள மாட்டிகினேன்."

இருப்பதிலேயே உள்ளே ஓடுகிற கோடுதான் தன்னுடையது என்று நினைத்து, அவள் முதல் சைஸை வெட்டியிருந்தாள்.

"இன்னா சத்தம் அங்க?" என்று ஹாலிலிருந்து மாமியார் கேட்டார்.

"ஒன்னும் இல்ல மாமி" என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

நான் பக்கத் தையலை அக்குள்வரை பிரித்து அவளை வெளியே எடுத்தேன். தலைமுடி எல்லாத் திசையிலும் நின்றது. கண்ணாடியில் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் என் கவுனின் பக்கவாட்டைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"உன்னுதுல எக்ஸ்ட்ரா கீது. என்னுதுல பத்தல. ஒரே துணிதானேக்கா?"

என் கவுனின் இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்தெடுத்து, அவளுடையதில் பட்டியாக வைத்துத் தைத்தோம். எனக்கு உடம்பு இருக்குமிடம் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

நிச்சயதார்த்தத்தில் ஓனர் அம்மா அவளுடைய பக்கப் பட்டியைத் தடவிப் பார்த்தார்.

"சைடுல இப்டி வெக்கறது புது மாடலா?"

"ஆமா ஆன்ட்டி. துபாய்ல இப்ப இதான்" என்றாள் கூசாமல்.

ஆனாலும் கை வெட்டிய இடம் அவளுக்கு இறுக்கம்தான். தோளுக்கு மேல் கை எழும்பவில்லை. போட்டோவுக்கு எல்லோரும் கையசைத்தபோது இவள் மட்டும் இடுப்பருகே விரலை ஆட்டினாள். பந்தியில் வெஜிடபிள் பிரியாணியை நோக்கிக் குனிந்து வாயைக் கொண்டுபோனாள். பரிமாறுகிறவர் என்னிடம் வந்து இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்றார். என் கவுனில் இன்னும் இடமிருந்தது. வைக்கச் சொன்னேன்.