நான் படிக்காமல் விட்ட இரண்டு பக்கம்

அன்று விக்கிரமங்கலத்துச் சோளக்காட்டு வேம்படியில் இருந்தது ஐந்து பேர்: என் நாத்தனார், பக்கத்துத் தெரு அக்கா தங்கை இருவர், எங்களில் மூத்தவரான, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், நான். மூன்று ஏக்கரைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள் நாங்கள். பெரியக்காவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. முழங்கால் வலி உண்டு.

எட்டாவதோடு நின்றவள்தான் என்றாலும், எங்களில் எழுத்துக் கூட்டாமல் படிப்பவள் நான். விவசாயச் சங்கத்து அண்ணன் வியட்நாம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார். எதை விதைப்பது என்று அரசாங்கமே சொன்ன காலம் போய், கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த கதை. பிரித்ததும் விளைச்சல் ஏறியது என்ற இடத்தில் நாத்தனார் நிறுத்தச் சொன்னாள்.

"அங்கயும் நம்ம கததான். ஒருத்தி களை வெட்டுனா இன்னொருத்தி வரப்புல குந்தி வெத்தல போட்டிருப்பா" என்றாள், பெரியக்காவைப் பார்த்து.

"வெத்தல உன் வூட்டுக் காசாடி?" என்றார் பெரியக்கா. சிரித்தோம்.

அடுத்த இரண்டு பக்கத்தில் நீளநீளமான வார்த்தைகள். திக்கினால் நாத்தனார் கேலி பேசுவாளே என்று பயந்து, அவற்றைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தேன்.

அந்த வாரமே கயிறு பிடித்து ஆளுக்கு அறுபது சென்ட் பிரித்துக்கொண்டோம்.

மனசு கேட்காமல், பிரித்த மறுநாள் விரல் வைத்து அந்தப் பக்கங்களைப் படித்தேன். ஆள்பலம் இல்லாத வீடுகள் பின்தங்கிப்போயின, கூட்டுப் பண்ணை பார்த்துக்கொண்ட வைத்தியச் செலவும் அவரவர் தலையில் விழுந்தது என்று இருந்தது. விதைப்புக்கு இன்னும் நாள் இருந்தது. சொல்லியிருக்கலாம். என்னைத்தானே வைவார்கள் என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கூட்டாக இருந்தவரை பெரியக்கா உட்கார்ந்து கதிர் உரிப்பார், பங்கு எல்லோருக்கும் சமம். தனியானதும் களைக்கும் மருந்துக்கும் கூலி ஆள் வைக்க வேண்டியிருந்தது. வாரத் தவணைக்குக் கடன் வாங்கினார். புழு விழுந்து பாதிக் கதிர் போனது.

தவணைக்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போன ஒரு திங்கட்கிழமை, பெரியக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டு பக்கம் படிக்காம வுட்டுட்டேங்க்கா. ஆளில்லாதவங்க கஷ்டப்பட்டாங்கன்னு அதுலதான் இருந்துச்சு."

பெரியக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா நான் பிரிக்க வேணாம்னிருப்பேன்" என்றார். பிறகு, "சரி, அடுத்த தவண நீ கட்டு."

கட்டினேன். அதன் பிறகும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கட்டுகிறேன். இன்னும் பாக்கி பதினோராயிரத்து நானூறு ரூபாய்.