இரண்டு நாற்பதுக்கு ஒரு விசில்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. என் அலமாரியில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. கட்டில் காலில், நுனி கடித்து அறுக்கப்பட்ட ஒரு கயிறு இருக்கிறது. நடந்ததா இல்லையா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த இரண்டையும் தொட்டுப் பார்ப்பேன். சந்தேகம் போய்விடும். தூக்கமும் போய்விடும்.

எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் வேலை. இரவு பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவேன். ஒன்பதுக்குக் கனத்த திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். மாலை நாலுக்கு எழுவேன். ஊருக்கு நடுப்பகல், எனக்கு நடுநிசி. அதனால் இந்தக் கதை முழுக்கப் பட்டப்பகலில் நடக்கிறது. இருட்டினால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

மூன்றாவது மாடியில் வாடகை வீடு. அதற்கு மேல் மொட்டை மாடிதான். தனியாக இருந்தேன். பேச்சுத் துணைக்குத்தான் நாய் வாங்கப் போனேன்.

காப்பகத்தில் அது ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. ஒரு கண் மட்டும் நீலம். சலித்த மாவு மாதிரி இருந்ததால் அங்கேயே 'மாவு' என்று பெயர் வைத்துவிட்டேன். காப்பகத்து அம்மா மஞ்சள் அட்டையைக் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏற்கெனவே ரெண்டு வீட்டுலேர்ந்து திரும்பி வந்துருச்சு. சொன்ன பேச்சு கேக்கலைன்னு. மூணாவது தடவையும் வந்தா எங்களால வச்சுக்க முடியாதும்மா. ஊசிதான்."

"நான் திருப்பித் தரமாட்டேன்" என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அட்டையில் தடுப்பூசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

முதல் பத்து நாள் படாத பாடு படுத்தியது. என் செருப்பில் இடது காலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றது. குளியல் சோப்பில் பாதியை விழுங்கிவிட்டு நுரை நுரையாக ஏப்பம் விட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. எதிரில் நின்று கையை உயர்த்தி 'உட்காரு' என்றால் அழகாக உட்காரும். முதுகுப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. அழைப்புமணி அடித்தால்கூடக் குறட்டை விடும். நல்ல காவல் நாய் கிடைத்தது போ என்று நானே சிரித்துக்கொள்வேன்.

ஆனால் காலையில் நான் வந்ததும் என் மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் மாவைப் பொறுமையாக நக்கித் தீர்க்கும். நான் படுத்ததும் கட்டிலில் ஏறி, தன் முதுகை என் காலோடு ஒட்டவைத்துத்தான் தூங்கும். நான் புரண்டால் அதுவும் புரளும். அந்தச் சூட்டுக்காக எத்தனை செருப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஐந்தாம் தேதி. செவ்வாய்க்கிழமை.

தூக்கத்தில் ஒரு விசில் கேட்டது. வாயால் அடிக்கும் விசில். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. கண் விழித்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது. மாவு என் மடியில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு குரைத்துக்கொண்டிருந்தது. அது குரைத்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தெருவில் யாரோ நாயைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். உச்சந்தலையில் ஏனோ இதமாக இருந்தது. யாரோ தடவிக் கொடுத்த மாதிரி.

மறுநாளும் அதே விசில். இரண்டு நாற்பது. விழித்தபோது கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை படுக்கையறை வாசலில். ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நடுவில். ஒவ்வொரு நாளும் மாவு எனக்கு முன்னால் நின்று குரைக்கும். விசிலைக் கேட்டு நாய் ஓடுகிறது, தூக்கக் கலக்கத்தில் நானும் பின்னாலேயே போகிறேன். அப்படித்தான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

பன்னிரண்டாம் தேதி மாவு வாசல் கதவு வரை போயிருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியக் குரைத்தது. அவ்வளவு அன்பான நாய். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. கதவைத் திறக்கச் சொல்கிறது என்று எண்ணி அதை ஒரு அதட்டு அதட்டினேன்.

அன்று மாலை கீழ்வீட்டு டீச்சர் மேலே வந்தார். வீட்டிலிருந்தே கணினியில் பாடம் நடத்துபவர். கையில் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம்.

"டெய்லி ரெண்டு நாப்பதுக்கு டாண்ணு ஆரம்பிக்குது. என் கிளாஸே நடக்க மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள நிக்கலைன்னா நாயை அனுப்பிடணும்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"யாரோ விசில் அடிக்கிறாங்க டீச்சர். அதனாலதான் குரைக்குது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடிதத்தை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அனுப்புவது என்றால் காப்பகத்துக்கு. காப்பகம் என்றால் ஊசி. எவனோ ஒருவன் பொழுதுபோகாமல் விசில் அடிக்கிறான், அதற்கு என் மாவு சாக வேண்டுமா? அவன் கையில் கிடைத்தால் நாலு அறை விடலாம் போல ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை விழித்தபோது மாடிப்படியில் இருந்தேன். மொட்டை மாடிக்கு மொத்தம் பதினாலு படி. நான் ஆறாவது படியில். மாவு ஏழாவதில் குறுக்கே நின்றது.

வெள்ளிக்கிழமை மொட்டை மாடிக் கதவு வரைக்கும். மாவு என் சட்டை நுனியைக் கவ்விக் கீழ்நோக்கி இழுத்ததில் அது கிழிந்தது. அதன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். சொல்லிவிடுகிறேன், அடித்தேன். அது அசையவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு நாய் டிரெய்னர் வந்தார். வாரம் ஒருமுறை வந்து மாவுக்குக் கைச் சைகைகள் சொல்லித்தருபவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"உங்க நாயை யாரோ பழக்குறாங்கக்கா."

"பழக்குறாங்களா?"

"ஆமா. இதுதான் முறையே. தினமும் ஒரே நேரம், ஒரே சத்தம். மொத நாள் எழுந்திருச்சாலே போதும், தலையைத் தடவிக் கொடுக்கணும். அடுத்த நாள் இன்னும் ரெண்டடி. அப்புறம் வாசல். அவசரப்பட்டா மிரண்டுரும். பத்துப் பன்னெண்டு நாள் போனா, எங்க நின்னு கூப்பிட்டாலும் வந்துரும்."

"இப்ப நான் என்ன பண்றது?"

"கட்டிப் போடுங்க. நாலு நாள் போக முடியலைன்னா பழக்கம் விட்டுரும்."

பதினாறாம் தேதி, சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் புதுக் கயிறு வாங்கி வந்து மாவைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டினேன். அது என்னையே பார்த்தது. நான் படுக்கையறைக்குத் திரும்பியதும் முனகியது. "நாலு நாள்தான்டா, உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலருகில் அதன் சூடு இல்லாமல் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பிறகு தூங்கிவிட்டேன்.

விசில் கேட்டது. சின்னதாக இரண்டு... நீளமாக ஒன்று.

இதற்கு முன் தூரத்தில் கேட்கும். அன்று பக்கத்தில் கேட்டது. மூச்சுக்காற்று காதில் படும் அளவுக்குப் பக்கத்தில்.

எங்கோ ஒரு நாய் குரைத்தது. கயிறு கம்பியில் உரசும் சத்தம். சரக்... சரக்... சரக்...

பாதம் சுட்டது.

கண்ணைத் திறந்தேன்.

வெயில். வெறும் வெயில். என் இரண்டு முழங்கால்களும் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தன. கீழே நாலு மாடி ஆழத்தில் சிமெண்ட் தரை.

உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அது முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது... மெதுவாக... யாரோ கைநீட்டி வா வா என்று கூப்பிடுவதுபோல.

எதிரில் யாரும் இல்லை. எதிரில் காற்றுதான் இருந்தது.

மறுபடி விசில்.

பின்னால் நகங்கள் தரையைக் கீறும் ஓசை.

வெள்ளையாக ஏதோ சுவர் மேல் பாய்ந்தது. எனக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில்.

நெஞ்சில் முட்டியது. முழு பலத்தோடு.

நான் பின்பக்கம் விழுந்தேன்.

மாவு முன்பக்கம் விழுந்தது.

சத்தம்... ஒன்றுதான்.

பிறகு ஒன்றும் இல்லை.

கீழே ஓடினேன். உயிர் இருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. வாயெல்லாம் ரத்தம், கயிற்றைக் கடித்ததில் வந்தது பாதி. டீச்சர்தான் தன் காரை எடுத்தார். மூன்று பத்துக்கு மருத்துவமனை. நாய் டாக்டர் வயதானவர். மேசையில் கிடத்தியதும் அந்த நீலக் கண்ணைப் பார்த்துச் சட்டென்று நின்றார்.

"இது காப்பகத்து நாய்தானே? அந்தச் செவிட்டு நாய்?"

"என்ன டாக்டர்?"

"பிறவியிலேயே ரெண்டு காதும் கேக்காதும்மா. நான்தானே சோதிச்சுப் பார்த்தேன். பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் தெரியாது. கார்டுல எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

மாவு என் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது. மூன்று முப்பத்தைந்துக்கு மூச்சு நின்றது.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். மஞ்சள் அட்டை. முன்பக்கம் தடுப்பூசித் தேதிகள். திருப்பினேன். பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. 'காது கேளாது. கைச் சைகை மட்டும். தொட்டு எழுப்பவும்.' அட்டையைத் திருப்பிப் பார்க்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்குமா? அதைத்தான் இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விசிலை மாவு ஒரு நாளும் கேட்டதில்லை.

என் காலோடு முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. நான் எழுந்ததால் எழுந்தது. நான் நடந்ததால் முன்னால் ஓடி வழியை மறித்தது. பன்னிரண்டு நாள். தினமும் ஒரே நேரம், ஒரே சத்தம். முதல் நாள் எழுந்து உட்கார்ந்தாலே போதும். அடுத்த நாள் இன்னும் இரண்டடி. தலையில் தடவல்.

நாயை யாரும் பழக்கவில்லை.

டீச்சரிடம் விசிலைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒரு நாளும் விசில் கேட்டதில்லம்மா. உங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒருத்தர் இருந்தார். அவருக்கும் நைட் ஷிப்ட், பகல்லதான் தூங்குவார். அவரும் எங்கிட்ட வந்து கேட்டார், யாரு விசில் அடிக்கிறதுன்னு."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

டீச்சர் மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தேன். பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. இப்போது ஊரின் மறுகோடியில் தரைத்தள வீடு. மாடி கிடையாது, படிகள் கிடையாது. மாவின் கயிற்றில் ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி, கடித்து அறுத்த நுனியை என் கணுக்காலில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

முந்தாநாள் இரண்டு நாற்பதுக்கு விழித்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். கயிற்று முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. உச்சந்தலையில் இதமாக இருந்தது.

இந்த வீட்டின் வாசலிலிருந்து லாரிகள் போகும் சாலைக்குப் பதினோரு அடி. இன்று காலை அளந்து பார்த்தேன். குரைப்பதற்கு இப்போது யாரும் இல்லை.