கராஜ் கதவின் தோல் பட்டை

எங்கள் தீவின் காத்ர் போர்ன் ஊரில், எங்கள் தெருவிலேயே முதலில் கராஜ் கட்டியவர் எங்கள் அப்பாதான். டாக்சி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டியது. மழைத்தண்ணீர் புகாமல் இருக்க, கரும்பாலையில் கழித்துப்போட்ட இயந்திர பெல்ட்டை வாங்கி வந்து, நீளமாக நறுக்கி, மரக்கதவின் அடியில் பட்டையாக ஆணியடித்திருந்தார். அசல் மாட்டுத்தோல், ஆயுசுக்கும் போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். வீடே விரதம். எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் பூசிய காப்புக் கயிறு. சின்னப் பெண் என்று என்னை விட்டுவிடப் பார்த்தார்கள். அழுது அடம்பிடித்து நானும் கட்டிக்கொண்டேன். விரதக்காரர் தோலைத் தொடக் கூடாது, செருப்புகூடக் கிடையாது. மீன் தின்றவர் காவடிப் பக்கமே வரக் கூடாது. காவடியோ நல்ல அகலம். வீட்டு வாசலில் நுழையாது. ஆகவே காரை வெளியே விட்டு, கராஜைக் கழுவி, காவடியை அங்கே வைத்திருந்தார்கள்.

பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பிடித்தது மழை. கதவுப் பட்டை நைந்து நார்நாராய்த் தொங்குவது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் உள்ளே ஓடி, பூக்கூடைகளை நனைத்துக்கொண்டு காவடியை நெருங்கியது. அப்பா பழைய டயர் டியூபை நறுக்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்து குந்தினார். பழைய பட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

“பா தூஸ்!” என்று அம்மா கத்தினாள். அவசரத்தில் அவளுக்குத் தீவின் கிரியோல் மொழிதான் வரும். “தொடாதீங்க! அது தோலு!”

அப்பா விருட்டென்று எழுந்தார். ஊரெல்லாம் பெருமையடித்த தோலையே காவடிக்கு வாசலாக வைத்திருக்கிறோம் என்பது அதுவரை ஒருவருக்கும் உறைக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது? அக்கம்பக்கமெல்லாம் விரதம்.

அந்த நேரம் பார்த்து, தலைநகரத்து டிராங்கெபார் பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த சித்தப்பா முற்றத்துக்குள் காலை வைத்தார். சங்கதியைக் கேட்டார். வைத்த காலைப் பின்னால் எடுத்தார். லிச்சி மரத்துப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“நான் அடிக்கிறேன் அண்ணே. காலையில ரொட்டிக்குள்ள மீன்கறி வெச்சுத் தின்னுட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

“அயோ, நாளைக்குப் பூசம்டா! மானங்கெட்டவனே!”

“திட்டுறதைப் பொறவு திட்டு. கதவைச் சாத்து, நான் வெளியவே படுத்துக்கிட்டு அடிக்கிறேன்.”

சேற்றில் குப்புறப் படுத்துத் தோலைப் பிடுங்கித் தூர எறிந்தார். புது ரப்பர் சுருளாமல் இருக்க உள்ளேயிருந்து ஓரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு.

“பிடிச்சிருக்கியா, சாமியாரம்மா?”

“பிடிச்சிருக்கேன். என்மேல பட்டுடாதீங்க, எனக்கு விரதம்!”

“தெரியும் தெரியும். பட்டா முருகன் என்னையில்ல கேப்பாரு!”

கதவிடுக்கில் அவருடைய கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள்.

“ஏன் சித்தப்பா கை மஞ்சளா இருக்கு?”

சுத்தியல் நின்றது.

“மீன்கறிதான். சரியாக் கழுவலை.”

சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மறுநாள் அப்பாவின் காவடி, வைத்த பூ வைத்தபடி கோயிலுக்குப் போயிற்று. சித்தப்பா வெறுங்காலோடு கூட்டத்தில் பின்னாலேயே வந்தார்.

விரதம் முடிந்து வீட்டில் ஏழு மரக்கறியோடு இலை போட்டார்கள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இலையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன். பூசத்துக்கு முந்தின நாள் மீன் தின்றவரோடு நான் உட்காருவேனா? பெரிய விரதக்காரியல்லவா! அதைப் பார்த்துச் சித்தப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிடக்கூட நான் எழவில்லை.

கறி மஞ்சள் விரலில்தானே படியும், மணிக்கட்டைச் சுற்றி வளையம் போட்டதுபோல எப்படிப் படியும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.