களத்தில் அக்காவோடு நடந்தவர்

எங்கள் அக்கா அவர்கள் காலமாகி ஓராண்டு நிறைகிறது. நாலு நல்ல வார்த்தை எழுதித்தரப் படித்தவர்களாகப் பார்த்துக் கேட்டோம். எல்லோரும் நழுவிவிட்டார்கள். ஆகவே கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே மாதிரி இளிக்கிற தம்பியாகிய நான் எழுதுகிறேன். இதில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்ளவும் போகிறேன். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே இந்த நினைவு மலரைப் புரட்டுகிற உறவினர்கள் கடைசிப் பக்கம்வரை வரவேண்டும்.

அக்கா பிறந்தது ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஆரணியாற்றங்கரைக் கிராமம். எங்கள் நைனா கூலிக்கு ஏர் ஓட்டியவர். அக்கா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினார். நான் எட்டாவதுவரை போய், போனதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் திரும்பி வந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கா கவரைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டார். நாலே வருஷத்தில் அத்தான் போய்ச் சேர்ந்தார், பிள்ளையும் இல்லை. அக்கா அங்கேயே ஓர் அரிசி ஆலையில் களத்து வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குத் துணையாக நானும் போனேன். துணை என்பது ஊருக்குச் சொன்னது. போனது சோற்றுக்கு.

அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காய்கிறவரை காலால் வரிவரியாகத் தள்ளிக்கொண்டே நடக்கவேண்டும். மேலே வெயில், கீழே சூடு. அந்த நடையில்தான் அக்கா ஆண்டவரோடு பேசுவார். அழுகை இல்லை, வேண்டுதல் இல்லை. குழம்பில் உப்பு கூடிப்போனது, தம்பி வேலைக்குப் போகாமல் தூங்குவது, இப்படிப்பட்ட சங்கதிகள். நடக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நடப்பார். அந்த இடத்து நெல்லைத் திரும்பி வந்து தனியாகத் தள்ளுவார். இரட்டை வேலை. ஒருநாள் மிகவும் மெதுவாக நடந்தார். கால் வலியா என்று கேட்டேன்.

"இல்லடா. அவரு கூட வராரு. நான் பாட்டுக்கு ஓடிக்கினு இருந்தா நல்லாவா கீது?"

"உங்கூட வெயில்ல சுத்தணும்னு அவருக்கு இன்னா தலையெழுத்து?"

"எங்கூட இருக்க அவருக்குப் புடிச்சிருக்குடா. எனக்குப் புடிச்சதவிட கொஞ்சம் ஜாஸ்தியாவே."

இதோடு வாயை மூடியிருந்தால் நான் மனுஷன். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுப் பந்தியில், சபையார் முன்னிலையில், அக்கா போல நடந்து காட்டினேன். காற்றில் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, பாத்து வாங்க, நெல்லு சுடும்" என்றேன். அவருக்கு என்னோடு இருக்கப் பிடித்திருக்கிறது என்று அக்கா சொன்னதையும் அவிழ்த்துவிட்டேன். பந்தியே சிரித்தது. சிரிக்காதவர் எங்கள் போதகர் ஒருவர்தான். அவரை ஐயர் என்று அழைப்போம்.

எங்கள் சபையில் இராப்போஜன ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பேர் கொடுக்கவேண்டும். ஐயர் நோட்டில் எழுதினால்தான் மறுநாள் அப்பமும் திராட்சரசமும். அந்தச் சனிக்கிழமை அக்காவின் முறை வந்தது. ஐயர் எழுதவில்லை.

"ஏம்மா, ஆண்டவர் உன்னோட இருக்க ஆசைப்படுறார்னு சொன்னியாமே?"

"ஆமாங்கய்யா."

"அவர் பரிசுத்தர். நாம புழுதி. நம்ம மேல இரங்குறார், அவ்வளவுதான். நம்மால அவருக்கு என்ன சந்தோஷம் ஆகணும்? பெருமையில சொல்லிட்டேன்னு சபை முன்னால ஒத்துக்கோ. பேரை எழுதுறேன்."

"இரங்கறதுக்கு மட்டும் வந்தவருன்னா, வந்த வேல முடிஞ்சதும் கெளம்பியிருப்பாருங்கய்யா. இவரு போவ மாட்டேன்றாரே."

ஐயர் பேனாவை மூடினார். அக்கா நகர்ந்தார். அடுத்து நின்றவன் நான். பேனா திறந்தது. ஒரு கேள்வி இல்லாமல் என் பேர் ஏறியது. பரிசுத்தர், இரக்கம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது ரயில்வே ஸ்டேஷனில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். நம்பாதவனுக்கு அப்பம். நம்பினவருக்குப் பட்டினி.

நான் போகமாட்டேன் என்று குதித்தேன். "போடா. நம்ம ஊட்லேந்து ஒருத்தராவது போவணும்" என்றார் அக்கா. ஆனால் என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. மீன் குழம்பில் தலை எனக்கு வருவது ஆறு மாதம் நின்றது. தலை இல்லாதவனுக்குத் தலை எதற்கு என்று கேட்டார் அக்கா.

அதன்பின் பல வருஷம் ஓடியது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வாசலில் நின்று உள்ளே விடுவதும் விடாததும் என் வேலையாயிற்று. ஐயருக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லலாம். அக்கா ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனார். பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சு. இராப்போஜன ஞாயிறில் எல்லோரும் எழுந்து அப்பம் வாங்க முன்னால் போக, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு.

அப்புறம் இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவின் ஆண்டவர் மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிரியமாக இருக்கிறவர் செய்கிற வேலையா இது என்று கத்தினேன். "கூட இருக்கறேன்னுதாண்டா சொன்னாரு. இருக்காரு. நீ கத்தாத" என்றார்.

ஒருநாள் ஐயர் அப்பப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் போதும், இங்கேயே தருகிறேன் என்றார். அக்காவுக்கு அப்பத்தின்மேல் எவ்வளவு ஏக்கம் என்பது எனக்குத் தெரியும். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லி வாங்கித் துன்னுட்டு, பக்கத்துல ஒக்காந்திருக்கறவரு மூஞ்ச எப்படிப் பாக்கறதுங்கய்யா?"

ஐயர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது திருட்டு. அடுத்த சனிக்கிழமை பேர் கொடுத்தேன். ஞாயிறு அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. வாயில் போடுவதுபோல் காட்டி, கைக்குட்டைக்குள் தள்ளினேன். எனக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு என்பது அப்போது நினைவில் இல்லை. வீட்டுக்கு ஓடி, கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். அக்கா முதலில் இரண்டு தும்மல் போட்டார். பிறகுதான் அது என்ன என்று பார்த்தார்.

"திருடிக்கினு வந்தியா?"

தலையாட்டினேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா அப்பத்தைத் துடைத்து, இரண்டாகப் பிட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். எனக்கு எதற்கு, நான்தான் நம்பாதவனாயிற்றே என்றேன்.

"நீ நம்பறியான்னு யாரு கேட்டா? தனியா துன்றதுக்கா குடுத்தாரு? ஒக்காரு."

உட்கார்ந்தேன். சாப்பிட்டோம். பொடி நெடியில் எனக்கும் கண் கலங்கியது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வியாழக்கிழமை அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஐயர் இரக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, தலை வாரிவிட்டு, கடைசிவரை பார்த்துக்கொண்ட ஆலைப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. களத்தை ஒருநாள் நிறுத்தி லாரி அனுப்பிய ஆலை முதலாளிக்கும் அப்படியே. ஐயருக்கும் நன்றி எழுதத்தான் பார்த்தேன். பேனா மூடிக்கொள்கிறது. அது அவரிடம் கற்ற வித்தை.

இந்த மலரில் ஒன்று ஐயருக்கும் போகிறது. வருகிற சனிக்கிழமை பேர் கொடுக்க வரிசையில் நிற்பேன். என்னோடு இருக்க யாருக்கும் பிடிக்குமா, தெரியாது. அக்காவோடு இருக்க ஒருவருக்குப் பிடித்திருந்தது. களத்தில் அக்கா தள்ளாமல் விட்ட அந்த ஒரு ஆள் அகலத்தை நான் தினமும் பார்த்தவன். இல்லையென்று சொல்லமாட்டேன். பேரை எழுதாவிட்டால் கடைசி பெஞ்சில் அக்காவின் இடத்தில் உட்காருவேன். பெண்கள் பக்கம் ஆம்பளை உட்காரக்கூடாதுதான்; அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளட்டும். பக்கத்தில் காலியாக இருக்கிறதே என்று மட்டும் யாரும் வந்து நெருக்கவேண்டாம்.