இரண்டு நோன்புகளுக்கு நடுவே ஒரு சட்டி

வனீஸ் சமைக்கும்போது பேசமாட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். மின்யாவில் நைல் கரைச் சாலையில் ஹாஜி ரஷ்வானின் சாப்பாட்டுக் கடைக்கு எப்போது போனாலும், அடுப்பு ஆவிக்குள்ளே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றிருப்பார். மணிக்கட்டில் சின்ன வயதில் பச்சை குத்திய சிலுவை, கையில் நீளக் கரண்டி. கரண்டி ஒரு சுற்று சுற்றினால் வாயில் ஒரு "கர்த்தரே, இரக்கமாயிரும்." வெங்காயம் சிவக்க இத்தனை ஜெபம், அரிசி வேக இத்தனை ஜெபம். கடிகாரமே அவருக்குத் தேவைப்படவில்லை.

வாலிபத்தில் பாலைவனத்து மடத்துக்குப் போய்த் துறவியாக ஆசைப்பட்டவர். தகப்பனார் தவறிப்போக, தங்கைகளுக்காக அடுப்படிக்கு வந்தார். வந்த இடத்தையே மடமாக்கிக்கொண்டார். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பிற்பகல் நேரத்து ஜெபத்தைச் சொல்லி முடித்த கையோடு சட்டியில் உப்புப் போடுவார். அந்தக் கை தவறாது என்று ஊரே சொல்லும்.

கிறிஸ்தவர்களான எங்கள் தவக்காலத்தில் இறைச்சி, பால், நெய் எதையும் நாக்கில் வைக்கமாட்டோம். வனீஸ் அப்போதும் மற்றவர்களுக்குக் கறி சமைப்பார், ருசி மட்டும் பார்க்கமாட்டார். பக்கத்து டீக்கடை சப்ரி வந்து ஒரு கரண்டி குடித்துப் பார்த்துச் சொல்லுவான். இத்தனை வருடத்தில் ஒரு தவக்காலத்திலும் வனீஸின் நாக்கு நெய்யைத் தொட்டதில்லை. அது அவருடைய செல்வம். யாரிடமும் சொல்லிக்கொள்ளமாட்டார். ஆனால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வருடம் ரமலானும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. ஹாஜியும் நோன்பு, சப்ரியும் நோன்பு. ரமலானில் ஹாஜி கடை வாசலில் நீள மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் நோன்பு திறக்கச் சாப்பாடு போடுவார். அக்கரை மலையில் சுண்ணாம்புக்கல் அறுப்பவர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள். புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி. பகல் முழுக்க வெயிலில், ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் வேலை செய்தவர்கள்.

ஒரு பிற்பகல் வனீஸ் ஜெபம் சொல்லிக்கொண்டே ஆட்டுக்கறியும் வெண்டைக்காயும் கிண்டிக்கொண்டிருந்தார். ஆற்றிலிருந்து வெளிச்சம் வந்து கூரையில் அலையாக ஆடியது. ஆவி எழுந்தது. ஜெபம் அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீருக்கு மேலே காலில்லாமல் நடப்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரமோ! திரும்பி வந்தபோது உப்பு ஜாடி திறந்து கிடந்தது.

"ஹாஜி, உப்பு போட்டேனான்னு தெரியல. ரெண்டு தடவை போட்டேனோ என்னவோ."

"என்னய்யா சொல்ற? கை உன்னோடதுதானே?"

"கை என்னோடதுதான். நான்தான் இங்க இல்ல."

வாசலில் நின்ற சப்ரி சிரித்தான். "அண்ணன் சொர்க்கத்துக்குப் போயிட்டு வந்திருக்காரு. உப்பை அங்க இருக்குற சட்டியில போட்டுட்டாரு."

"ஏன் ஹாஜி, நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பலாம்னு உங்கள்ல சொல்வாங்களே?" என்றார் வனீஸ்.

"சொல்வாங்க. விடிஞ்சதுலேர்ந்து சிகரெட்டும் இல்ல, தண்ணியும் இல்ல. இந்தக் கறி நாக்குல பட்டா நான் துப்புவேன்னு நீ நம்புறியா? நானே நம்பலய்யா!"

சப்ரி, தன் நாக்கை அதைவிட நம்ப முடியாது என்று சொல்லிவிட்டு, தெருவில் யாராவது குழந்தை கிடைக்குமா என்று ஓடினான். ஒரு சிறுமியைப் பிடித்து வந்தான். கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவள் சொன்னாள், "நானும் நோன்புதான்!" சொல்லிவிட்டு ஓடியே போனாள்.

"உப்பைத் தனியா மேசையில வச்சுடலாமா?" என்றான் சப்ரி.

"கூடிப்போயிருந்தா அள்ளி எடுப்பியா?" என்றார் ஹாஜி. "தாகத்துல தொண்டை வெடிச்சு வர்றவங்கடா."

பாலத்தின் பக்கம் லாரி உறுமும் சத்தம் கேட்டது.

வனீஸ் சட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, கரண்டியில் மொண்டு ஊதிக் குடித்தார். நெய்யும் கறியும் நாக்கில் பரவின. அவர் கண் கலங்கியது. உப்பு துளிகூட இல்லை.

ஒரு பிடி போட்டார். கிண்டினார். சரியா என்று தெரிய மறுபடியும் குடிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு சிட்டிகை போட்டு, மறுபடியும்.

"அண்ணே, ருசி பிடிச்சுப்போச்சு போலயே," என்றான் சப்ரி.

"போடா, ரொட்டியை எடுத்து வை."

பாங்கு ஒலித்தது. கல் அறுப்பவர்கள் மேசையில் உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். எப்போதும் பரிமாறிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடும் வனீஸ் அன்று அங்கேயே நின்றார். புருவத்துத் தூசி தட்டில் உதிர்வது தெரியாமல் ஒருவர் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றார். நிமிர்ந்து, "உன் கை நல்லாயிருக்கணும்ய்யா," என்றார். இத்தனை வருடமும் சட்டிக்காக ஜெபித்தோமே, இந்த முகங்களுக்காக ஒருநாளாவது ஜெபித்தோமா என்று வனீஸுக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி மார்ஸாவிடம் நடந்ததைத் திருடனைப்போல மெல்லச் சொன்னார். அவள் பயறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க நாக்கு சுத்தமா இருக்கட்டும், அவங்க வாயில என்ன போனா என்னன்னு விட்டிருந்தா, இன்னைக்கு வீட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டேன்," என்றாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணை வரிசைக்கு வராமல் தூண் ஓரமாகவே நின்றார். பாதிரியார் அபூனா பிசந்தி முதல் நாளே அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, வா என்று சொல்லித்தான் இருந்தார். வனீஸ்தான் தானாகவே தயங்கினார். சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து அபூனா தூணைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா, சிரித்தாரா என்று புகையில் தெரியவில்லை. கையால் மட்டும் ஒருமுறை அழைத்தார்.

வனீஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். நற்கருணைக்கு வாயைத் திறந்தபோது, எப்போதும் ஜெபம் சொல்லும் உதடு நின்றுபோயிருந்தது. புருவத்தில் வெள்ளைத் தூசி படிந்த அந்த முகங்கள்தான் கண்ணில் நின்றன.